போசியில் முழுகிய குப்பி

நங்கையா அன்றைக்குச் சொன்னதை நான் இத்தனை வருஷங்களாக முழுசாக நம்பியதில்லை. நம்பவில்லை என்று வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. அண்ணன் மனைவியை எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் நங்கையா என்போம். என் நங்கையாவின் பெயர் மயிலாத்தாள். இதோ, ஆஸ்பத்திரி மருந்துக் கடைக்கு முன்னால் வரிசையாகப் போட்டிருக்கும் இரும்பு நாற்காலிகளில் ஒன்றில், எனக்கு இடப்பக்கம், மோர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டோக்கன் எண் மாறும்போதெல்லாம் என் கையிலிருக்கும் சீட்டை எட்டிப் பார்க்கிறார், எங்கள் எண் வர இன்னும் நேரமாகும் என்று தெரிந்தும். அவர் சொன்னது சின்னச் சேதிதான். "மருந்து இல்லாம அவரு போகல தம்பி. போசியில போட்டுப் பாத்தேன். முழுகிருச்சு." திருமூர்த்தி அண்ணன் இறந்த மூன்றாம் நாள், சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். நான் எதையும் கேட்டிருக்கவில்லை. அதுதான் முள். கேட்காத கேள்விக்கு ஒருவர் தேடி வந்து பதில் சொன்னால் அந்தப் பதிலை என்ன செய்வது? உன் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கும் என்கிறது ஒரு மனசு. தெரிந்ததால்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்கிறது இன்னொன்று. இரண்டுக்கும் இன்னும் களைப்பு வரவில்லை. நான்தான் களைத்துவிட்டேன். மூச்சு வேறு.

மூச்சுக்காகத்தான் வந்தோம். ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வருகிற அந்த ஈரக் காற்று ஊருக்கெல்லாம் சுகம், எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் கயிறு திரிக்கும். என் மனைவி வேணி, மகள் வீட்டுக்குப் பெங்களூர் போயிருக்கிறாள். தனியாகப் போய்விட்டு வருகிறேன் என்றால் நங்கையா விடவில்லை. "நீ போனா டாக்டர் சொல்றதுல பாதியக் காதுல வாங்குவே, மீதிய வழியில உட்டுட்டு வருவே. இரு, சீலை மாத்திட்டு வர்றேன்." டாக்டர் மெஹருன்னிசா என் மகள் வயதுதான் இருப்பார். "மாடிப்படி ஏறும்போது நிக்கறீங்களா சார்?" என்று என்னைக் கேட்டார். "இல்லீங்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நங்கையா, "நிக்குதுங்க. ஏன்டா நிக்கறேன்னா செல்போன்ல மெசேஜு பாக்கறேங்குது" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு என் பம்புகள் இரண்டையும் மேசையில் எடுத்து வைக்கச் சொன்னார். நீலம் ஒன்று, காப்பிக்கலர் ஒன்று. இன்ஹேலர் என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் எப்போதும் பம்ப்தான். நான் வேலை பார்ப்பதும் தண்ணீர் பம்ப் செய்கிற கம்பெனியில் என்பதால் வீட்டுக்கு வருகிற புது ஆட்கள் முதலில் குழம்புவார்கள். "நீலம் எப்ப எடுப்பீங்க?" "மூச்சு வாங்கும்போது." "இது? இதைத் தினமும் எடுக்கணுமே?" நான் காப்பிக்கலரைப் பார்த்தேன். "அது பீரோவுல பத்தரமா இருக்குதுங்க" என்றார் நங்கையா. அப்போது டாக்டர் சொன்னதுதான் இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் எனக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. முழுசாகப் போகாமல் எங்கோ மாட்டி நின்று, மறுபடி முதலிலிருந்து. நீலம் குழாயைத் திறந்துவிடும் சார், அவ்வளவுதான். உள்ளே இருக்கற புண்ணும் வீக்கமும் அப்படியே இருக்கும். அதை ஆத்தறது காப்பிக்கலர். ஆனா அது உடனே ஒண்ணும் செய்யாதுங்கறதால யாரும் எடுக்கறதில்ல. அதனால இனிமே ரெண்டும் வேண்டாம். ஒரே பம்ப். திறக்கற மருந்தும் ஆத்தற மருந்தும் அதுக்குள்ளயே இருக்கு. காலையில, ராத்திரியில இதுதான். நடுவுல மூச்சு வாங்கினாலும் இதையேதான் எடுக்கணும். நீங்க சோம்பேறியா இருந்தாக்கூட, மூச்சு முட்டறப்ப மட்டும் எடுத்தாக்கூட, ஆத்தற மருந்தும் கொஞ்சம் உள்ள போயிடும்.

சோம்பேறியா இருந்தாக்கூட. அவர் விளையாட்டாகச் சொன்னார். நங்கையாவும் சிரித்தார். நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை. அந்தச் சொல்லில் அண்ணன் வந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் சோம்பேறி இல்லை. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் கார்டிங்கில் வேலை. பஞ்சு சீவுகிற இடம். ஷிஃப்ட் முடிந்து வரும்போது புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். "பாரு, கெழவன் வந்துட்டான்" என்று தன்னையே சொல்லிக்கொண்டு உள்ளே வருவார். காப்பிக்கலரை அவர் எடுக்காததற்குக் காரணம் வேறு. அதை ஒரு சொலவடையாகவே வைத்திருந்தார்: "நீலம் சோறு. காப்பிக்கலர் ஊறுகா. சோறு இல்லாம இருக்க முடியாது. ஊறுகா இருந்தாத் தொட்டுக்கலாம்." மில் ஓடிய வரைக்கும் ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தது, சோறும் ஊறுகாயும் வந்தன. மில்லைப் பூட்டிய பிறகு அட்டையும் போயிற்று. மருந்துக் கடையில் போய் விலை கேட்க வேண்டியதாயிற்று. ஒருத்தருக்கு இல்லை, இரண்டு பேருக்கு. எனக்கும் இதே இழுப்பு. அப்பா வழிச் சொத்து என்று அண்ணன் சொல்வார், "காடு தோட்டம் இல்லாதவனுக்கு இதையாச்சும் எழுதி வெச்சுட்டுப் போயிருக்காரு." இரண்டு பேருக்கு இரண்டு நிறம் என்றால் நான்கு. அதில் எதை விடலாம் என்று பார்த்தால் எடுத்தவுடன் நெஞ்சு திறக்காத மருந்தைத்தானே யாரும் விடுவார்கள்? நான் இன்றைக்கும் கம்பெனியில் பார்ப்பது செலவுக் கணக்கு. ஒரு மோட்டார் செய்ய இரும்பு எவ்வளவு, செம்புக் கம்பி எவ்வளவு, கூலி எவ்வளவு. தேய்மானத்துக்கு எண்ணெய் போடாத மெஷின் நின்றுபோனால் அந்த நிறுத்தத்துக்கு ஆகிற செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று புதிதாக வருகிற பையன்கள் கேட்பார்கள். எனக்குத் தெரியும், சொல்லிக் கொடுப்பேன். என் நெஞ்சுக்கு நான் எண்ணெய் போட்டதில்லை. டாக்டர் இதைத்தான் வேறு மாதிரிச் சொன்னார்: "விலையைக் கேட்டுப் பயந்துடாதீங்க சார். ஒண்ணோட விலை எச்சாத்தான் தெரியும். ஆனா நீலம் தனியா வாங்க வேண்டாம், காப்பிக்கலர் தனியா வாங்க வேண்டாம், போன வருஷம் ரெண்டு தடவை இங்க வந்து படுத்தீங்களே அது வேண்டாம், மாத்திரை வேண்டாம், லீவு வேண்டாம். மொத்தமாக் கூட்டிப் பாருங்க, கம்மிதான் வரும்." நான் கூட்டிப் பார்த்தேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டேன், தொழில் புத்தி. கம்மிதான் வந்தது. கம்மியாக வந்தது எனக்குக் கோபமாக இருந்தது. அந்தக் கோபத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது?

லைன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை மீன் பார்ப்போம். மில் கட்டிக்கொடுத்த ஒட்டு ஒட்டான வீடுகள். முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அடுப்படி, அதற்கும் பின்னால் பொடக்காலி என்கிற புழக்கடை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அண்ணனும் நானும் ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தால், நங்கையா அகலமான பித்தளைப் போசியில் சிறுவாணித் தண்ணீர் மொண்டு நடுவில் வைப்பார். "வாங்க, மீன் பாக்கலாம்." பம்பின் நீலச் சட்டையிலிருந்து உலோகக் குப்பியைக் கழற்றித் தண்ணீரில் விடுவோம். நிறைய மருந்து இருந்தால் குப்பி நேராக அடிக்குப் போய்க் கிணுங்கென்று உட்காரும். பாதி என்றால் வாயைக் கீழே வைத்துத் தலைகீழாக நிற்கும். தீரப்போகிறது என்றால் மல்லாந்து மிதக்கும். செத்த மீன். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் இப்படித்தான் பார்த்தார்கள். எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஞாபகமில்லை. ஜன்னல் வழியாக வருகிற வெயில் போசித் தண்ணீரில் பட்டு ஓட்டுக் கூரையில் ஆடும். குப்பி பக்கத்தில் சின்னச் சின்னக் குமிழிகள். "இன்னும் உசுரு இருக்குதுடா சின்னவனே, பத்து நாளைக்கு ஓட்டலாம்" என்பார் அண்ணன். "உங்களுக்குப் பத்து நாளு, அதுக்கு எத்தன நாளு?" என்று நங்கையா என்னைக் காட்டிக் கேட்பார். "அவன் எளசு, மூச்ச அடக்கிக்குவான்." "ஆமா, மூச்ச அடக்கறதுக்குப் பள்ளிக்கொடத்துல பரிசு குடுத்தாங்க." இவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் அந்த அறையின் வாசனை, சீயக்காய், பித்தளையைப் புளி போட்டுத் துலக்கிய வாசனை, இந்த ஆஸ்பத்திரி மருந்து நெடிக்கு நடுவில் எங்கிருந்தோ வருகிறது. நீலம் மட்டும்தான் போடுவோம். காப்பிக்கலரைப் போட்டுப் பார்த்ததே இல்லை. எடுத்தால்தானே தீரும். டாக்டரிடம் இந்தத் தண்ணீர் வித்தையைச் சொன்னபோது, "அய்யய்யோ, அது சரியாவே வராது சார், வாய்ல தண்ணி போய் அடைச்சுக்கும், அதை விட்டே ரொம்ப நாளாச்சு. புதுசுல எண்ணிக்கை காட்டற சின்ன ஜன்னல் இருக்கு" என்றார். சரியாகவே வராது. அப்படியென்றால் நங்கையா பொய் சொல்லாமல் இருந்தாலும் போசி பொய் சொல்லியிருக்கலாம். இதையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா? டோக்கன் எண் மாறுகிறது. நங்கையா எட்டிப் பார்க்கிறார். இன்னும் இல்லை.

நங்கையா பொய் சொல்லக்கூடியவர். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அந்தப் பொய்களில் வளர்ந்தவன் நான். கல்யாணமாகி வந்த புதிது. நான் பதினோராம் வகுப்பு. குளக்கரையில் கூட்டாளிகளோடு ஒரு பீடியை இழுத்துவிட்டு, அன்றைக்குப் பொழுதோட நெஞ்சு விசிலடிக்க வீட்டுக்கு வந்தேன். அண்ணன் மோந்து பார்த்துவிட்டு, "என்ன பொகை நாத்தம்?" என்றார். நங்கையா அடுப்படியிலிருந்து தலையைக்கூட நீட்டாமல், "கொசுவுக்கு நொச்சித் தழை போட்டேனுங்க" என்றார். அப்புறம் நிஜமாகவே நொச்சித் தழையைப் பறித்து வந்து போட்டார். புகையில் எனக்கு இன்னும் இழுத்தது. அண்ணன் நீலத்தை எடுத்துத் தான் ஒரு இழுப்பு, துண்டு நுனியில் வாயைத் துடைத்து எனக்கு ஒரு இழுப்பு. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கன்னம் உப்ப எதிரெதிரே நின்றோம். நங்கையா எங்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். எத்தனை வருஷம் ஒரே பம்பை வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஓட்டினோம். கோயமுத்தூருக்குள்ளேயே இருக்கிற ராமநாதபுரத்தில் படம் பார்த்துவிட்டு வரும்போது எதிர்க்காற்று. நான் கேரியரில் உட்கார்ந்து அண்ணன் முதுகில் காதை வைத்திருப்பேன். உள்ளே ஒருவன் நாதசுரம் பழகிக்கொண்டிருப்பான், ஏறினால் ஒரு சுரம், இறங்கினால் ஒரு சுரம். குளக்கரையில் சைக்கிளை நிறுத்துவார். பம்பைக் குலுக்கி ஒரு இழுப்பு. நான் பேச வாயெடுத்தால் போலீஸ்காரர் மாதிரி கையைக் காட்டித் தடுப்பார். மூச்சை அடக்கிக்கொண்டு நீர்க்கோழிகளைப் பார்ப்பார். அந்தக் கொஞ்ச நேரம் ஊரே அடங்கியிருக்கும், கோழி முங்கி எழுகிற சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் மெதுவாக விட்டுவிட்டு, "ம், வண்டி ரெடி. ஏறு" என்பார். அந்த முதுகின் சூடு என் காதில் இருக்கிறது இன்னும். அப்படியொரு மனுஷன் நீலத்தை மட்டுமே இழுத்தார். நீலத்துக்குள்ளேயே மற்றதும் இருந்திருந்தால். ஒரே சட்டை, ஒரே குப்பி. குளக்கரையில் நின்ற ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கும். சோறு ஊறுகாய் என்று பிரித்துப் பேசவே இடம் இருந்திருக்காது. போதும். இந்தக் கணக்கை ஏற்கனவே போட்டாயிற்று.

இதைப் போடக்கூடாது என்றால் மனசு ஓசூர் பஸ்ஸுக்குப் போய்விடுகிறது. மில்லைப் பூட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்கிப் போனவர் ஜன்னல் பக்கம் வந்து, காகிதக் கவரை என் சட்டைப் பையில் திணித்தார். புத்தம் புது நீலம். "ஓசூர் குளுரு உனக்குத் தெரியாது." "உங்களுக்கு?" என்றேன். "எனக்கென்ன, ஊட்டுல இருக்குது." "முழுகுதா, மெதக்குதா?" என்று கேட்டேன். அண்ணன் சிரித்தார். "முழுகுது, முழுகுது. கண்டக்டர் பாக்கறாரு, கையை உள்ள வையி." அதுதான் கடைசிப் பேச்சு. முழுகுது, முழுகுது. ஒரு தடவை சொன்னால் நம்பியிருப்பேன். அந்த ஆடியில், நான் போன அடுத்த மாதம், மத்தியானம், சாப்பிட்டுவிட்டு எழுந்தவருக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. பம்பை எடுத்திருக்கிறார், இழுத்திருக்கிறார், மறுபடி இழுத்திருக்கிறார். "பிடிக்கல" என்று மட்டும் சொன்னாராம். ஆட்டோ பிடித்து வருவதற்குள் முடிந்துவிட்டது. மருந்து தீர்ந்த பிறகும் குப்பியை அமுக்கினால் காற்று வரும், சத்தம் வரும். இழுக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, பிடிக்கவில்லை என்றுதான் தோன்றும். என் சட்டைப் பையில் அப்போது ஓசூரில் அந்தப் புது நீலம் இருந்தது. பாதிகூட நான் எடுத்திருக்கவில்லை. மூன்றாம் நாள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நங்கையா வந்து, மருந்து இல்லாம அவரு போகல தம்பி என்கிறார். பீடி நாற்றத்துக்கு நொச்சித் தழை போட்டவர். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து தலையாட்டிக்கொண்டே இருக்கிறேன். ஒரு தடவை, வேணியைக் கட்டிய புதிதில், அவளிடம் இதைச் சொன்னேன். "கேட்டுத்தான் பாருங்களே" என்றாள். கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வாக்கியம் எனக்காகச் சொன்னதுதானா என்று எனக்கே பிறகு சந்தேகம் வந்தது. போசிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து குப்பியைத் தண்ணீரில் விட்ட அந்தப் பெண்ணுக்கும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். கைக்குழந்தையோடு. எங்கள் வீட்டோடு வந்து இருந்து, என் மகளையும் தன் மகளையும் ஒரே மடியில் வளர்த்தவரிடம் போய், நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது கயிறா இல்லை வெறும் நிழலா என்று எப்படிக் கேட்பது?

"தெய்வசிகாமணி!" என் பெயர்தான். எழுந்து போனேன். நங்கையாவும் பின்னாலேயே வந்தார். கடைக்காரப் பெண் பெட்டியைப் பிரித்துப் புது பம்பை வெளியே எடுத்தாள். சிவப்பும் வெள்ளையுமாக இருந்தது. நீலமும் இல்லை, காப்பிக்கலரும் இல்லை என்பதுதான் முதலில் தோன்றியது. முதுகில் சின்ன ஜன்னல், உள்ளே எண். "ஒவ்வொரு தடவை அமுக்கறப்பவும் இது குறையும் சார். எடுத்து முடிச்சதும் வாய் கொப்பளிச்சுத் துப்பிடுங்க." பிறகு விலையைச் சொன்னாள். டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார், நானும் கூட்டிப் பார்த்து ஒத்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் கை சட்டைப் பைக்கு வெளியே கொஞ்சம் நின்றது. பழக்கம். "இப்ப ஒண்ணு குடுங்க, மறுக்கா அடுத்த மாசம் பாத்துக்கலாம். பழைய நீலத்துல கொஞ்சம் இருக்குது" என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. நங்கையா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "டாக்டர் எழுதுன அத்தனையும் குடு அம்மிணி." "நங்கையா, ஒண்ணொண்ணா வாங்கிக்கலாமுங்க." "நீ சும்மா இரு. வெலையக் கேட்டுட்டுத் திரும்பி வந்தவங்க என்ன ஆனாங்கன்னு எனக்குத் தெரியும்." கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டியை எடுத்தாள். நான் பணத்தைக் கொடுத்தேன். சில்லறையை வாங்கினேனா, தெரியவில்லை. திரும்பி வந்தவங்க. மருந்து இல்லாமல் அவர் போகவில்லை என்றால், விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தது யார்? இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. என் காதில் விழுந்ததை அவர் கவனித்தாரா? மோர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினார். "மொகம் வெளுத்துருச்சு, குடி. வெலையப் பாத்தா இவ்வளவு பயப்படுவே?"

நாற்காலிக்கே திரும்பி வந்தோம். பையில் இடம் பண்ணுவதற்காகப் பழைய இரண்டையும் வெளியே எடுத்தார். "இனி இதுங்களுக்கு வேலை இல்லையா?" "இல்லீங். டாக்டர்தான் சொன்னாங்களே." "பாவம்" என்றார், ஆளைச் சொல்கிற மாதிரி. நீலத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அந்த விரல்களுக்கு இன்னும் மறக்காமல் இருந்த ஒரு வேலையாக, கட்டை விரலை அடியில் கொடுத்து நெம்பினார். குப்பி கழன்று அவர் உள்ளங்கைக்கு வந்தது. காப்பிக்கலரிலிருந்தும் அதே மாதிரி. சட்டைகள் இரண்டும் மடியில் கிடந்தன, குப்பிகள் இரண்டும் கையில். "மீன் பாத்து எத்தன வருசமாச்சு" என்றார். எதிர்ச் சுவரில் குடிநீர்க் குழாய் இருந்தது. அங்கே போய்ப் பார்க்கலாமா என்று கண்ணாலேயே கேட்கிற மாதிரி இருந்தது. அந்த முகத்தில் அப்போது வருத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருந்தது. ஓட்டுக் கூரையில் ஆடுகிற வெளிச்சம் இருந்தது. நான் எதையும் கேட்காமல் இருந்துவிட முடியும், வீட்டுக்குப் போய் ரசம் ஊற்றிச் சாப்பிட முடியும் என்று அந்த முகத்தைப் பார்த்து நினைத்தேன். சட்டைப் பையில் புது பம்பை வைத்தேன். வைக்கும்போதுதான், ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு கை திணித்த இடம் அது என்று தெரிந்தது. நங்கையா குப்பிகளை உள்ளங்கையில் உருட்டினார். ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் வந்தது. இரண்டும் ஒரே உயரம், ஒரே வெள்ளி, சுற்றி ஒட்டிய தாளில் ஆங்கிலத்தில் எறும்பு மாதிரி எழுத்து. நங்கையாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நிறம்தான் அவருக்குப் பெயர். "சட்டையக் கழட்டிட்டா ரெண்டும் ஒண்ணாட்டமே இருக்குது பாரு" என்றார் சிரித்துக்கொண்டு. "எது நீலம், எது காப்பிக்கலருன்னு இப்ப ஆரு கண்டா?" சொல்லி முடித்ததும் உருட்டுவதை நிறுத்தினார். விரல்கள் மெதுவாக மூடின. நீலம் மட்டும்தான் போசிக்குப் போகும், அதனால் இத்தனை வருஷமும் நான் நீலம் என்றே நினைத்திருந்தேன். முழுகியதா என்றுதான் சந்தேகப்பட்டேன், முழுகியது எது என்று நினைத்ததே இல்லை. ஈ.எஸ்.ஐ. நாளில் வந்து பீரோவிலேயே கிடந்த, ஒருவரும் தொடாத, முழுசாக மருந்து இருக்கிற ஊறுகாய்க் குப்பி எந்தத் தண்ணீரில் போட்டாலும் முழுகும். அவர் பொய்யே சொல்லாமல் இருந்திருக்கலாம். அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். இப்போது தெரிந்துகொண்டிருக்கலாம், என் பக்கத்தில், இந்த இரும்பு நாற்காலியில். நான் கேட்காவிட்டால் இனி அவர் தனியாகத்தான் இதை யோசிக்க வேண்டும். டோக்கன் எண் மாறியது. அவர் எட்டிப் பார்க்கவில்லை. மூடிய அந்தக் கையின் மேல் என் கையை வைத்தேன், சில்லென்று இருந்தது. மூச்சு முழுசாக வருகிற வரைக்கும் காத்திருந்து கேட்டேன்: "நங்கையா, அன்னைக்குப் போசியில போட்டுப் பாத்த குப்பிய எதுல இருந்து கழட்டுனீங்க, நீலத்துல இருந்தா, காப்பிக்கலர்ல இருந்தா?"